நாலு ராடு, ஒரு மூங்கில்: டெல்டாத் தண்ணீரில் எது தாங்கியது, எது ஒடிந்தது

முதலில் ஒடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆன்லைனில் 1,299 ரூபாய்க்கு மீன் பிடிக்க ஒரு தூண்டில் செட் வாங்கினேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஏழடி மடக்கு ராடு, நரம்பு (நைலான் தூண்டில் இழை) சுற்றியே வந்த ரீல், பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் மீன், முள் டப்பா, எல்லாவற்றையும் போட்டுக்கொள்ள ஒரு பை. விளம்பரப் படத்தில் ஒருவர் தொடை தண்டி மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருப்பார். ராடின் மேல் தங்க எழுத்தில் கார்பன் என்று போட்டிருந்தது. மூன்று மாதம் ஜிலேபி மீனுக்கும் கெண்டைக்கும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது, அதாவது பலத்தைக் கேட்காத வேலையை ஒழுங்காகச் செய்தது. ஆடி மாதம், கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றில் ஒரு மதகு மேல் நின்று மண்புழு போட்டிருந்தேன். புதுத் தண்ணீர், கலங்கல். ஒன்றரைக் கிலோ இருக்கும், ஒரு கெளுத்தி மாட்டியது. தண்ணீர் ஆறேழு அடி கீழே இருந்தது. சுற்றிக்கொண்டு போய்ப் படியில் இறங்கச் சோம்பல், நின்ற இடத்திலிருந்தே ராடாலேயே தூக்கினேன். நுனியிலிருந்து இரண்டாவது மடக்கில் டப்பென்று போனது. கெளுத்தியும் போனது, நரம்பும் போனது, பக்கத்தில் வலை அலசிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

தப்பு பாதி என்னுடையது. மீன் இழுத்து ராடு ஒடிவது அபூர்வம், நாம் தூக்கித்தான் ஒடிக்கிறோம். ராடு வளையும்போது பாரம் நுனியிலிருந்து அடிக்கம்பு வரை பரவிப் போக வேண்டும். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து, தலைக்குப் பின்னால் சாய்த்துத் தூக்கினால் அடிக்கம்புக்கு வேலையே இல்லாமல் மொத்தப் பாரமும் ஈர்க்குச்சி தண்டி நுனியில் வந்து உட்காரும். எவ்வளவு விலை கொடுத்த ராடாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒடியும். தண்ணீருக்குள் கிடக்கும் வரை மீனுக்குப் பெரிய கனம் கிடையாது, காற்றில் ஏறிவிட்டால் ஒன்றரைக் கிலோவும் ஒன்றரைக் கிலோதான், துள்ளல் தனிக்கணக்கு.

மீதிப் பாதி ராடின் தப்பு. நரம்பு ஓடும் வளையங்களுக்கு உள்ளே பீங்கான் மாதிரி ஒரு சின்ன வளையம் இருக்கும், அது இரண்டு இடத்தில் எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அதற்கப்புறம் வெறும் தகரத்தில் உரசி உரசித்தான் நரம்பு பிசிறு பிசிறாகப் போயிருக்கிறது. மடக்குகளுக்குள் ஆற்று மணல் புகுந்து நெறநெறவென்று சத்தம், சில நாள் பாதி நீளத்துக்கு மேல் இழுக்கவே வராது, சில நாள் வீசும்போதே உள்ளே சரிந்துவிடும். ஒடிந்த இடத்தைப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகக் கண்ணாடி நார் பிரிந்து கிடந்தது, மேலே கறுப்புப் பெயிண்ட், அவ்வளவுதான் கார்பன். ஃபைபர் கிளாஸ் மட்டம் என்று சொல்லவில்லை. கனம் கூடுதல், ஆனால் அடிபட்டாலும் தாங்கும், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்க அதுதான் நல்லது. கார்பன் லேசு, மீன் முகர்ந்தாலே கைக்குத் தெரியும், ஆனால் கல்லில் ஒரு தட்டு தட்டி உள்ளே கீறல் விட்டால் அடுத்த மீனுக்கு ஒடியும். எனக்குக் கோபம் இல்லாததை இருப்பதாக எழுதியதில்தான். மடக்கு ராடு வாங்கவே கூடாதா என்றால், பைக் டிக்கியில் போட்டுக்கொண்டு சும்மா போகிற வழியில் வாய்க்காலில் அரை மணி நேரம் போட வாங்கலாம். எல்லா மீனுக்கும் ஆகும் என்று நம்பித்தான் வாங்கக் கூடாது.

அடுத்தது கடைக்குப் போனேன், தஞ்சாவூரில் ஒரு சின்னக் கடை. "வெயிட்டா ஒரு ராடு வேணும்ணே, ஒடியவே கூடாது" என்றேன். அவர் ராடே எடுத்துக் காட்டவில்லை. "எங்க போடப் போறீங்க தம்பி? ஆறா, குளமா, முகத்துவாரமா?" என்று கேட்டார். எல்லாத்துக்கும்தான் என்றேன். "எல்லாத்துக்கும்னா உலக்கைதான் வாங்கணும்" என்று சொல்லிவிட்டு வேறு ஒருவருக்கு முள் எண்ணப் போய்விட்டார். அப்போது சுருக்கென்றுதான் இருந்தது. இன்றைக்கு என்னிடம் யாராவது என்ன ராடு வாங்கலாம் என்று கேட்டால் நானும் அதையேதான் திருப்பிக் கேட்கிறேன்: எந்தத் தண்ணீர், எந்த மீன்?

அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்தது கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்க. அதில் நீளம் இருக்கும், நூல் எத்தனை பவுண்டு பலத்தில் வேண்டும் என்று இருக்கும், வீசும் எடை எத்தனை கிராம் என்று இருக்கும். இந்தக் கடைசி எண்தான் முக்கியம். 10 முதல் 30 கிராம் என்று போட்டிருந்தால் நூலில் கட்டும் ஈயக்குண்டும் இரையும் சேர்ந்து அதற்குள் இருக்க வேண்டும். குறைந்தால் ராடு வளையாது, வீசினால் காலடியிலேயே விழும். கூடினால் குருவி தலையில் பனங்காய். அப்புறம் பவர், ஆக்‌ஷன் என்று இரண்டு வார்த்தை. எல்லோரும் இதைப் போட்டுக் குழப்புவார்கள். ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர்: அல்ட்ரா லைட், லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி. எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது ஆக்‌ஷன். நுனி மட்டும் வளைந்தால் ஃபாஸ்ட், பாதி வரை வந்தால் மாடரேட், கைப்பிடி வரை நாணல் மாதிரி சாய்ந்தால் ஸ்லோ. ஒரே மீடியம் பவரில் இரண்டு ராடு எடுத்து ஆட்டிப் பாருங்கள், ஒன்று சாட்டை மாதிரியும் ஒன்று மூங்கில் மிலாறு மாதிரியும் ஆடும். ஆக்‌ஷன் என்பது அதுதான்.

சரி, தண்ணீர் தண்ணீராக வருகிறேன்.

விராலுக்கு வாங்கியது ஏழடி, இரண்டு துண்டு, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட். 2,400 ரூபாய். ரீல் தனியாக, 3000 சைஸ். இதுவரை நான் வாங்கியதில் காசு வீணாகாத பொருள் இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் உள்ள குளங்களில் விரால் எங்கே இருக்கும் என்றால் அல்லி இலைக்குக் கீழே, வெங்காயத்தாமரை அடைத்துக் கிடக்கும் ஓரத்தில், கோரை நடுவில். வெளித் தண்ணீரில் ஏன் இருக்கப் போகிறது. அதற்கு வெளிக்காற்றும் வேண்டும், அவ்வப்போது மேலே வந்து ஒரு மிடறு எடுத்துவிட்டுப் போகும், அந்தக் குமிழைப் பார்த்துத்தான் வீச வேண்டும். தாத்தா காலத்தில் உயிர்த் தவளையைக் குத்திப் போடுவார்கள். இப்போது ரப்பர்த் தவளை வந்துவிட்டது, முள் முதுகோடு ஒட்டியிருப்பதால் செடிக்கு மேலே வழுக்கிக்கொண்டு வரும். எட்டிலிருந்து பதினைந்து கிராம். விரால் அடித்ததும் உடனே சுண்டக் கூடாது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி, நூல் இறுகியதும் ஓங்கி ஒரு இழுப்பு. அந்த இழுப்பில் கெட்டியான வாயில் இரண்டு முள்ளும் ஏற வேண்டும், ஏறியதும் அது செடிக்குள் தலையைக் கொடுப்பதற்குள் ஐந்து கிலோ பாசியோடு சேர்த்து வெளியே கொண்டுவர வேண்டும். மெத்தென்ற ராடு இதற்கு ஆகவே ஆகாது, நம் இழுப்பை ராடே தின்றுவிடும், முள்ளுக்கு ஒன்றும் போய்ச் சேராது. என் மச்சான் மீடியம் லைட் வைத்துக்கொண்டு நின்றான், ஒரே காலையில் ஐந்து தடவை விரால் அடித்தது, ஒன்றுகூட முள்ளில் ஏறவில்லை. என் ராடைக் கொடுத்தேன், அடுத்ததே ஏறியது. அவன் கையெல்லாம் நடுக்கம், முக்கால் கிலோதான், ஆனாலும் முதல் விரால்.

நூலும் அதற்கேற்றபடி வேண்டும். நரம்பு இழுபடும், செடிக்குள் அது எதிரி. 30 அல்லது 40 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னிய நூல் போடுங்கள், இழுபடாது. ஆனால் பிரெய்டு போட்டுவிட்டு ரீலின் டிராகை (மீன் இழுத்தால் நூலை விட்டுக்கொடுக்கும் பிரேக்கை) கண்டபடி இறுக்கினால் எல்லா அதிர்ச்சியும் ராடுக்குத்தான் போகும். குறை ஒன்று சொல்லவேண்டுமானால் இரண்டு துண்டும் சேரும் இடம். ஒரு மணி நேரம் வீசினால் லேசாகத் திரும்பிவிடுகிறது, வளையங்கள் நேர்கோட்டில் இருக்கிறதா என்று அடிக்கடி பார்த்துத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெழுகுவர்த்தியை அந்த இடத்தில் லேசாகத் தேய்த்ததில் கொஞ்சம் பரவாயில்லை. ஒரே துண்டு ராடு வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஏழடிக் கம்பை மன்னார்குடி பஸ்ஸில் ஏற்றிப் பாருங்கள். கண்டக்டர் என்னிடம் லக்கேஜ் டிக்கெட் போட்டதோடு, "யாரு கண்ணையாச்சும் குத்துனீங்கன்னா நீங்கதான் பொறுப்பு" என்று மூன்று ஸ்டாப்புக்கு ஒரு தடவை சொல்லிக்கொண்டே வந்தார்.

இடையில் ஒன்று. குளத்தில் செந்நிறத்தில் குஞ்சுக் கூட்டம் உருண்டையாக மிதந்து போனால் அதற்குக் கீழேயே தாய் தகப்பன் காவலுக்கு இருக்கும், தவளையைப் பக்கத்தில் போட்டால் பசிக்காக இல்லை, கோபத்தில் அடிக்கும். சுலபமான மீன். நான் அதற்குப் போடுவதில்லை. தாய் விராலை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் அன்றைக்கே கெண்டைக்கும் கொக்குக்கும்தான். அதே மாதிரி ஊர்க்குளம் பெரும்பாலும் ஏலத்தில் குத்தகைக்கு போயிருக்கும், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள், பாதிப் பேர் சும்மாவே விடுவார்கள். கோயில் குளம் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்து மூங்கில். சிரிக்காதீர்கள், இந்த வரிசையில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் இன்றைக்கும் முதலிடம் அதற்குத்தான். பாபநாசம் பக்கம் சித்தப்பா தோட்டத்தில் வெட்டியது, பன்னிரண்டு அடி, காசில்லை. முற்றிய மூங்கிலாக இருக்க வேண்டும், இளசு காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கணு நெருக்கமாக இருப்பதாகப் பார்த்து எடுத்து, கணுவைச் சீவி, நிழலில் ஒரு மாதம் படுக்கவைத்துக் காயவிட வேண்டும், வெயிலில் போட்டால் கோணும். கோணியதை வைக்கோல் தீயில் வாட்டி முட்டியில் வைத்து நிமிர்த்தலாம், சூடு அடங்கும் வரை கையை எடுக்கக் கூடாது. கடைசியில் ஒரு கை நல்லெண்ணெய். நுனியில் ஒரு முடிச்சு, கம்பு நீளத்துக்கே நரம்பு, அதற்கு மேல் விட்டால் மீனைக் கைக்குக் கொண்டுவர முடியாமல் நரம்பைத் தாவித் தாவிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு நல்லது, நெட்டி அதைவிட நல்லது. தஞ்சாவூரில் பெரிய கோயில் பொம்மை செய்கிறார்களே, அதே நெட்டிதான். சீவி, முள்ளும் ஈயமும் தொங்கவிட்டால் மேலே நெல் நீளத்துக்குத்தான் தெரிய வேண்டும். கெண்டை இரையை விழுங்குவதில்லை, முத்தம் கொடுத்துப் பார்க்கும். தக்கை பெரிதாக இருந்தால் அந்த முத்தம் உங்களுக்குத் தெரியவே தெரியாது, அரை மணி கழித்து எடுத்துப் பார்த்தால் வெறும் முள் பளபளக்கும்.

முள் சைஸ் ஒன்று மட்டும் புதியவர்களுக்குச் சொல்லவேண்டும். நம்பர் ஏற ஏற முள் சிறிசு. கெண்டைக்கு 10, 12. நிறையப் பேர் பெரிய நம்பர் பெரிய முள் என்று நினைத்து 4-ஆம் நம்பர் வாங்கிக்கொண்டு போய் மண்புழுவை மாலை மாதிரி கோத்துப் போடுவார்கள். இரைக்கு, மாட்டுக்கொட்டகைச் சாணிக்குழியில் கிளறினால் சிவப்பு மண்புழு, இல்லாவிட்டால் மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து கொஞ்சம் மஞ்சள். பரோட்டாக் கடையில் கேட்டால் ஒரு உருண்டை சும்மா கொடுப்பார்கள்.

மூங்கில் கனமாக இருக்கிறது என்பவர்கள் ரீல் இல்லாத இழுப்புக் கம்பு ஒன்று வாங்கிக்கொள்ளலாம், 3.6 மீட்டரும் 4.5 மீட்டரும் சுலபமாகக் கிடைக்கும். அதற்கு வளையமும் கிடையாது, ரீல் பிடியும் கிடையாது, கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. நான் தம்பி மகனுக்கு 4.5 மீட்டர் வாங்கிக் கொடுத்தேன், பையன் என்னைவிட அதிகம் பிடிக்கிறான். ஆனால் ஒன்று, இது பயமுறுத்தச் சொல்வதில்லை: நம் வாய்க்கால் கரைகளில் பம்புசெட்டுக்குப் போகும் கரண்ட் கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்கள் நிறைய. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். ஈர மூங்கிலும் அப்படித்தான். உட்காருமுன் அண்ணாந்து பார்த்துவிட்டு உட்காருங்கள். இடி இடித்தால் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிடுங்கள்.

மூன்றாவது, கட்லாவுக்கும் ரோகுவுக்கும். இதில்தான் விரால் ராடு என்னைக் காலைவாரியது, அது ராடின் தப்பில்லை. அணைக்கரைக்குப் பக்கம் கொள்ளிடத்தில் மடுவில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருண்டை போட்டுக் காத்திருந்தேன். மூன்று கிலோவுக்குக் குறையாத ரோகு, எடுத்ததும் ஒரே ஓட்டம், நாற்பது ஐம்பது அடி. நான் பிடித்து நிறுத்தினேன், விராலை நிறுத்துகிற மாதிரி. வாய் கிழிந்து முள் திரும்பி வந்தது. இவற்றுக்கு உதடு மெத்து, அதைப் பிடுங்கக் கூடாது, ஓட விட்டு ஓட விட்டுச் சோர வைக்க வேண்டும். அதற்கு ராடு ஒவ்வொரு குதிப்பிலும் தானே வளைந்து கொடுக்க வேண்டும். அதனால் எட்டடி, மீடியம், மாடரேட், 10 முதல் 40 கிராம் என்று ஒன்று வாங்கினேன், 1,700 ரூபாய், ஃபைபர் கிளாஸ் கலந்தது, கையில் பிடித்தால் மட்டமான ராடு மாதிரிதான் தெரியும். அழகில்லை. கைப்பிடி ஸ்பாஞ்ச் ஒரு வருஷத்தில் பிய்ந்துவிட்டது, சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருக்கிறேன். ஆனால் இதில் மாட்டிய பெரிய மீன் ஒன்றைக்கூட வாய் கிழிந்து நான் விட்டதில்லை. இதற்குப் பிரெய்டு வேண்டாம், சாதாரண நரம்புதான், அது இழுபடுவது இங்கே நண்பன். நூறு கிராம் ஈயத்தைப் போட்டு நடு ஆற்றுக்கு வீசலாம் என்று ஆசைப்பட்டு ஒரு தடவை நுனியில் கீச்சென்று சத்தம் வரவைத்தேன், அதற்கப்புறம் மேலே எழுதியதைத்தான் கேட்கிறேன்.

மீன் எங்கே எப்போது என்பது தண்ணீர் விடும் கணக்கு. மேட்டூர் ஜூன் 12-ஆம் தேதி திறந்தால் கல்லணை வழியாக வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து வரும். புதுத் தண்ணீரில் கெளுத்தியும் கெண்டையும் எதிர்த்து ஏறும், ஷட்டர்களுக்குக் கீழே கூடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத் தண்ணீர், வயல், வாய்க்கால், குளம் எல்லாம் ஒன்றாகும், அப்போது விரால் எங்கே வேண்டுமானாலும் இருக்கும், யாருக்கும் அமையாது. ஜனவரி 28-இல் அணை மூடிய பிறகு ஆறு மணலாகி மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். எனக்குத் தை, மாசிதான் பிடித்த காலம், எட்டடி ராடோடு நாள் முழுக்க மடு ஓரத்தில் உட்காரலாம். ஷட்டருக்கு அடியில் மீன் கூடுகிறது என்றேன், அதற்காகத் தண்ணீர் பாய்கிற நேரத்தில் கீழே தளத்தில் போய் நிற்காதீர்கள். பாசி வழுக்கும், சுழலில் நீச்சல் தெரிந்தவனும் போவான்.

கடைசியாகக் கடல். பன்னிரண்டு அடி, மூன்று துண்டு, 80 முதல் 150 கிராம், 3,200 ரூபாய், 6000 சைஸ் ரீல். தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டைக்கு முன்னால் மணலில் நின்று போட, பூம்புகாரில், பழையாறு பக்கம் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் என்று இதைக் கொண்டுபோயிருக்கிறேன். நீளம் எதற்கு என்று முதலில் புரியாது. அலை உடைகிற வரிசையைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் ஈயம் விழ வேண்டும், வாடைக்காற்று முகத்தில் அடிக்கும்போது குட்டை ராடில் அது நடக்காது. இன்னொன்று, நட்டு வைத்தால் நூல் அலைக்கு மேலே உயரமாகப் போகும், பாசி சிக்காது. இரண்டரை அடி பிவிசி குழாயைச் சாய்வாக அறுத்து மணலில் குத்தி அதில் ராடை நட்டுவிட்டு நிற்பேன். கிழங்கான் நிறைய, காலா எப்போதாவது, பாறை மீன் குட்டி வந்தால் நுனி அப்படியே பணிந்து கும்பிடும். தரங்கம்பாடியில் கரை அரிக்காமல் போட்ட கற்கள் இருக்கும் பக்கம் போடாதீர்கள், ஒரு மாலையில் நாலு ஈயம் விட்டேன்.

இந்த ராடைப் பற்றி என் மனசு இரண்டாகத்தான் இருக்கிறது. வீசுகிற வேலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வளையச் சட்டங்கள் ஒரே சீசனில் துருப்பிடித்தன. உப்புத் தண்ணீருக்கு என்றுதான் அட்டையில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவவேண்டும், ரீல் பிடியைக் கழற்றியும் கழுவவேண்டும், நான் முதல் மாதம் கழுவவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம் கனம். ரீலோடு சேர்த்து ஒரு கிலோவுக்கு மேல், ரப்பர் மீன் போட்டுத் திரும்பத் திரும்ப வீச முடியாது, தோள்பட்டை போய்விடும். நட்டுவைத்துக் காத்திருக்கிறவனுக்கான ராடு இது.

அதை எடுத்துக்கொண்டு முத்துப்பேட்டைக்குப் போனதுதான் நான் செய்த இரண்டாவது பெரிய முட்டாள்தனம். பாமணியாறும் கோரையாறும் போய் விழும் அந்தக் காயலுக்கும் அலையாத்திக் காட்டுக்கும் வனத்துறை அனுமதி வாங்கித்தான் போக வேண்டும், வாங்கிக்கொண்டுதான் போனோம். படகில் ஏறியதும் ராடைப் பூட்டினேன், ஓட்டியவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "இத வச்சு தேங்காதான் பறிக்கணும், எறக்கி வைங்க" என்றார். "ஏன் காக்கா, கொடுவாக்குப் பத்தாதா?" என்றேன், அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "கொடுவா படகுக்குக் கீழ நிக்கும், நீங்க கொடியக்கரைக்கு வீசப் போறீங்களா?" உண்மைதான். வாய்க்கால் குறுகல், தலைக்கு மேலே அலையாத்திக் கிளை, பத்தடி தூரத்தில் வேருக்குப் பக்கத்தில் இரையைப் போட வேண்டும். பன்னிரண்டு அடியை ஆட்டவே இடமில்லை. அங்கே வேலை செய்தது பையில் சும்மா கிடந்த விரால் ராடு. வேருக்குள் புகுமுன் திருப்ப வேண்டும் என்பதில் கொடுவாயும் விராலும் ஒரே குணம். வித்தியாசம் என்னவென்றால் கொடுவா துள்ளித் தலையை உதறும், வாயும் செவுள் ஓரமும் அரம் மாதிரி, பிரெய்டை நேரே முள்ளில் கட்டினால் அறுத்துவிடும், பிரெய்டுக்கும் முள்ளுக்கும் நடுவில் இரண்டடிக்கு 40 பவுண்டு தடித்த நரம்பை லீடராகப் போட வேண்டும். இரண்டு கிலோ சொச்சம் ஒன்று கிடைத்தது. செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கப் போனேன், காக்கா என் கையைத் தட்டிவிட்டார், செவுள் மூடி கத்தி. மடவை ஒன்றும் தூண்டிலுக்கு வரவில்லை, கண்ணெதிரே குதித்துக்கொண்டே போனது.

வாங்கும்போது கடையிலேயே செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்று எடுத்துப் போங்கள், ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றித் தேயுங்கள், பஞ்சு இழை மாட்டினால் அங்கே கீறல், பிரெய்டை அது அறுக்கும். ராடை துப்பாக்கி மாதிரி கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், கோணல் தெரியும். நுனியைக் கடைக்காரரைப் பிடிக்கச் சொல்லி மெல்லத் தூக்கி வளைவு எங்கே விழுகிறது என்று பாருங்கள், கணு மாதிரி ஓரிடத்தில் மட்டும் மடங்கினால் வேண்டாம். உங்கள் ரீலையே கொண்டுபோய்ப் பூட்டி இரண்டு நிமிஷம் சும்மா கையில் பிடித்திருங்கள், முன்பக்கம் தொங்கினால் சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு வலிக்கும். இதையெல்லாம் செய்ய விடாத கடையில் வாங்காதீர்கள். ஆன்லைனில் வாங்குவதானால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வந்த இரண்டில் ஒன்று நுனி ஒடிந்து வந்தது, திருப்பி எடுத்துக்கொள்ள பன்னிரண்டு நாள் இழுத்தார்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர் கையில் மூவாயிரம்தான் இருக்கிறது என்றால் நான் சொல்வது: மூங்கில் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள் அல்லது நாலைந்து நூறில் இழுப்புக் கம்பு, ஒரு வருஷம் கெண்டையும் ஜிலேபியும் பிடியுங்கள், மீதிக் காசை அப்படியே வைத்திருங்கள். உங்களுக்குக் குளம் பிடிக்கிறதா, ஆறு பிடிக்கிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். குளம் என்றால் ஏழடி மீடியம் ஹெவி. ஆறு என்றால் எட்டடி மீடியம். கடற்கரையில் வீடு இல்லாதவர்கள் பன்னிரண்டடியை அவசரப்பட்டு வாங்க வேண்டாம், வருஷத்துக்கு நாலு தடவைக்காக என் வீட்டுப் பரணில் பாதியை அது பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்த 1,299 ரூபாய் ராடு என்ன ஆனது என்று மச்சான் கேட்டான். ரீல் பல் தேய்ந்து குப்பைக்குப் போய்விட்டது. ஒடியாத மீதிக் கம்பு மட்டும் தூக்கிப் போட மனசில்லாமல் கொல்லையில் கிடந்தது, அம்மா அதன் முனையில் ஒரு அரிவாள் துண்டைக் கட்டித் தொரட்டியாக வைத்திருக்கிறார். முருங்கைக்காய்க்கு நல்ல நீளம். தேவையானால் மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடலாம் என்று அம்மா அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்ல, எதிர்வீட்டு அத்தை எனக்கும் அதே மாதிரி ஒன்று ஆன்லைனில் போட்டுக் கொடு என்று வந்து நிற்கிறார்.